லவோன் தேர்ந்தெடுத்த படகு

பெரிய ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொன்ன அன்று, வீடு திரும்பும் வழி முழுக்க மெர்ல் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவன் மனைவி லவோன்தான் பேசினாள். வழியில் தெரிந்த வயல்களைப் பற்றி, ஒரு வீட்டு வாசலில் இன்னும் எடுக்காமல் கிடந்த கிறிஸ்துமஸ் விளக்குகளைப் பற்றி. ஊர் எல்லைக்கு வந்ததும், "மெர்ல், நான் ஒரு படகு வாங்கப் போறேன்" என்றாள்.

மெர்ல் இதைப் பிற்பாடு எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து சொன்னான். சொல்லிவிட்டு, "என்னத்தச் சொல்ல, ஹார்லன்? நான் அழுதுக்கிட்டு ஓட்டுறேன், அவ படகு வாங்கணுங்கறா" என்றான்.

நாங்கள் பக்கத்து வீடு. லவோன் ஸ்கார்ஸ்டாடை எங்கள் ஊரில் தெரியாதவர்கள் கிடையாது. இருபது வருடத்துக்கும் மேலாகப் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். வடக்கு விஸ்கான்சினில் பேருந்து ஓட்டுவதென்றால் பாதி வருடம் பனிமேல் ஓட்டுவது. அவள் வண்டி ஒரு தடவைகூடச் சாலையை விட்டு இறங்கியதில்லை. பிள்ளைகள் உள்ளே கூச்சல் போட்டால் திட்ட மாட்டாள். ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பையிலிருந்து சாண்ட்விச்சை எடுத்து நிதானமாகத் தின்னத் தொடங்குவாள். வண்டியில் சூடு இறங்க இறங்க ஒவ்வொரு வாயாக மூடிக்கொள்ளும். என் மூத்தவன் அந்த வண்டியில் போனவன்தான். "லவோன் பாதி சாண்ட்விச்சுக்கு மேல சாப்பிட்டு நான் பாத்ததே இல்லப்பா" என்பான்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மெர்ல் காகித ஆலையில் ஷிஃப்ட் வேலை. நல்ல உயரம், அகன்ற தோள், மெதுவான பேச்சு. சின்ன வயதில் உறைந்த ஏரிமேல் நடந்து போகும்போது பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தவன். மாமா ஒருவர் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டதால் பிழைத்தான். அதற்குப் பிறகு முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை. லவோனோ அப்பா நடத்திய ஏரிக்கரை விடுதியில் வளர்ந்தவள். ஒன்பது வயதில் வாடகைப் படகுகளைத் தனியாக ஓட்டிப்போய் விருந்தாளிகளை அழைத்து வருவாளாம். அப்பா குடித்தே அந்த இடத்தை இழந்தார். அதைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை.

எங்கள் தெருவில் எல்லா வீட்டு முற்றத்திலும் தார்ப்பாய் போர்த்திய ஒரு படகாவது நிற்கும். அவர்கள் வீட்டில் மட்டும் அந்த இடத்தில் உருளைக்கிழங்குப் பாத்தி இருந்தது. ஆரம்பத்தில் கையில் காசு இல்லை. காசு வந்தபோது மெர்லின் பயம் இருந்தது. அவள் கேட்கவும் இல்லை. கோடையில் வேலை முடிந்து வரும்போது பெல் ஏரிக் கரையில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். நானே பார்த்திருக்கிறேன்.

நோய் வலது காலில் தொடங்கியது. ஒரு காலை பிரேக்கை மிதிக்கும்போது கால் ஒரு நொடி தாமதமாகப் போயிற்று. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. அன்றைக்கே பிள்ளைகளை இறக்கிவிட்டு, பள்ளி அலுவலகத்தில் சாவியை வைத்துவிட்டு வந்துவிட்டாள். டாக்டர்கள் கண்டுபிடிக்க மேலும் சில மாதங்கள் ஆயின. தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய். மருந்து கிடையாது. கால், கை, பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. சிலருக்கு வருடக்கணக்கில் இழுக்கும், அவளுக்கு வேகமாகப் போகும்போல் தெரிகிறது என்றார்கள்.

படகுக்கு இருந்த பணம், கூரை மாற்றச் சேர்த்து வைத்திருந்த நாலாயிரம் டாலர். அதற்கு மேல் ஒரு சென்ட் கிடையாது. மெர்ல் தயங்கியபடி, "கூரை ஒழுகுமே" என்றான்.

"நான் இருக்கற வரைக்கும் ஒழுகாது. அப்புறம் நீ வாளி வச்சுக்க" என்றாள்.

நான் இதில் நுழைந்தது என் பிக்கப் வண்டியால். மெர்லின் சின்னக் காரால் படகு டிரெய்லரை இழுக்க முடியாது. ஏரிகளில் இன்னும் பனிக்கட்டி இருந்த ஏப்ரல் தொடக்கத்தில், சனிக்கிழமைகளில் மூன்று பேரும் என் வண்டியின் முன் சீட்டில் நெருக்கிக்கொண்டு படகு பார்க்கக் கிளம்பினோம். லவோன் நடுவில். கையில் ஊன்றுகோல், மடியில் தெர்மாஸ் காபி.

முதலில் ஒரு பால்பண்ணைக் கொட்டகையில் நின்ற சிவப்புப் படகு. ஃபைபரில் செய்தது, பளபளவென்று, புத்தம்புது வெள்ளை இருக்கைகளோடு. மெர்லுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. விற்பவன் கழுத்தில் தங்கச் சங்கிலி போட்ட நடுவயது ஆள்.

"என் பொண்டாட்டி மாதிரி பாத்துக்கிட்டேங்க இத" என்றான்.

லவோன் பதில் சொல்லாமல் மெர்லின் தோளைப் பிடித்தபடி டிரெய்லரின் மேல் ஏறி நின்று, ஊன்றுகோலால் படகின் தரையை ஒவ்வொரு இடமாகத் தட்டிக்கொண்டு வந்தாள். டக் டக் என்று வந்த சத்தம் பின்பக்கம் போகப் போக மொத்தென்று ஆயிற்று. எஞ்சினை மாட்டும் பின்பலகைமேல் கையை வைத்து, "ஹார்லன், அந்த எஞ்சின கொஞ்சம் ஆட்டு" என்றாள். ஆட்டினேன். எஞ்சினோடு பலகையும் சேர்ந்து ஆடியது. உள்ளே இருந்த மரம் முழுக்க ஊறி அழுகியிருந்தது.

"கார்ப்பெட் கொஞ்சம் ஈரம், அவ்ளோதான்" என்றான் அவன்.

"அப்ப உங்க பொண்டாட்டிய நெனச்சா எனக்குக் கஷ்டமா இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வண்டியில் மெர்ல், "இருக்கை நல்லா இருந்துச்சே" என்றான். "நீ இருக்கையப் பாத்துத்தான் வாங்குவன்னு தெரிஞ்சுதான் அவன் இருக்கைய மாத்தியிருக்கான்" என்றாள் லவோன். அவள் சிரித்ததில் காபி சிந்தியது.

அடுத்த வாரம் நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு படகுக் கடை. அங்கேதான் மெர்ல் அந்தப் பாண்டூனைப் பார்த்தான். இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள்மேல் ஒரு சமதளம், சுற்றிக் கம்பி வேலி, பக்கத்தில் கதவு, மேலே துணிக்கூரை. பழையதுதான், ஆனால் ஒழுங்காக இருந்தது. மெர்ல் கதவைத் திறந்து மூடினான். திரும்பவும் திறந்தான். கையால் கதவின் அகலத்தை அளந்தான். எதற்காக அளக்கிறான் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. சக்கர நாற்காலி என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

"லவோன், இதுல ஆடவே ஆடாது. கம்பி இருக்கு. நிழல் இருக்கு. நீ சௌகரியமா..."

"எங்கிட்ட ஏற்கனவே ஒரு கூடம் இருக்கு, மெர்ல். சோஃபா கூட இருக்கு."

"வெளையாடாத. இன்னும் கொஞ்ச நாள்ல உன்னால பக்கவாட்டுல கால் தூக்கிப் போட முடியாது. டாக்டர் சொன்னத நீயுந்தான கேட்ட?"

"கேட்டேன். அதனாலதான் இப்ப வாங்குறேன்." பிறகு மெதுவாக, "என்னக் கொண்டுபோய் வைக்கற படகு வேணாம். நான் ஓட்டற படகு வேணும்" என்றாள்.

மெர்ல் கதவைச் சாத்தினான். கடைக்காரர் விலையைக் குறைக்கலாம் என்று பின்னாலேயே வந்தார். அவன் திரும்பிப் பார்க்காமல் வண்டியில் ஏறிக்கொண்டான்.

மூன்றாவது படகு முப்பது மைல் தள்ளி, புரூகா என்ற ஓய்வுபெற்ற தபால்காரருடையது. பதினாறு அடி நீள அலுமினியப் படகு. கார்போல ஸ்டீயரிங், பக்கத்தில் வேகக் கைப்பிடி, பின்னால் நாற்பது குதிரைத்திறன் எஞ்சின். வர்ணம் மங்கிப்போன பச்சை. மூக்கில் ஒரு நசுங்கல். வாசலில் நின்றிருந்த கிழவர் எங்களைப் பார்த்ததும் முதலில் லவோனின் ஊன்றுகோலைத்தான் பார்த்தார்.

லவோன் நேராக எஞ்சினிடம் போய் அதன் மூடியில் உள்ளங்கையை வைத்தாள்.

"என்ன பாக்குறீங்க?" என்றார் புரூகா.

"சூடா இருக்கான்னு. வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வச்சிருந்தா, குளிர்ல கிளம்பாத எஞ்சின்னு அர்த்தம்."

"ஜில்லுன்னுதான இருக்கு?"

"ஜில்லுன்னுதான் இருக்கு."

கிழவரின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. மெர்லை எஞ்சினின் அடியில் இருந்த திருகாணியைக் கழற்றச் சொன்னாள். கறுப்பாக எண்ணெய் சொட்டியது. பால் கலந்த காபி நிறத்தில் வந்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தமாம். தரையைத் தட்டினாள், பின்பலகையை ஆட்டச் சொன்னாள், டிரெய்லர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டாள். டயர்களில் வெடிப்பு இருந்ததை விரலால் தொட்டுக் காட்டினாள். புரூகா மறுக்கவில்லை.

"தோட்டக் குழாய மாட்டி எஞ்சின ஓட்டிக் காட்டட்டுமா?"

"வேணாம். ஐஸ் போனதும் ஏரில பாக்கறேன். குழாய்ல ஓடுற எஞ்சின் ஏரிலயும் ஓடும்னு யாரு சொன்னா?"

கிழவர் லவோனின் ஊன்றுகோலை மறுபடி பார்த்தார். பிறகு மெர்லிடம், "ஓட்டப் போறது நீங்கதான?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றாள் லவோன்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. இது சும்மா இல்ல. காத்து அடிச்சா கையப் புடுங்கும். உங்களுக்கு என்ன ஒடம்புக்கு?"

"கை காலெல்லாம் ஒவ்வொண்ணா லீவு போட்டுக்கிட்டு இருக்கு. திரும்பி வேலைக்கு வராதாம். உங்களுக்கு என்ன? நல்ல படகு. ஏன் விக்கறீங்க?"

"ஒரு கண்ணு போயிடுச்சு. படகுத்துறை எவ்ளோ தூரத்துல இருக்குன்னு தெரியல. போன வருஷம் நேரா போய் மோதிட்டேன்." படகின் மூக்கிலிருந்த நசுங்கலைக் காட்டினார். "மக சொன்னா, அப்பா, படகா நானா, ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னு."

"பதில் சொல்ல யோசிச்சீங்களா?"

"கொஞ்சம்" என்றார் புரூகா. லவோன் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்தார்.

மே மாத முதல் வாரத்தில் பனிக்கட்டி முழுக்க உருகியதும் அவர் வீட்டருகே இருந்த ஏரியில் ஓட்டிப் பார்த்தாள். மெர்ல் கரையிலேயே நின்றுகொண்டான். நானும் கிழவரும் கூடப் போனோம். முதலில் மெதுவாக, கையின் பலத்தைச் சோதிப்பதுபோல் ஓட்டினாள். பிறகு கைப்பிடியை முழுக்கத் தள்ளினாள். படகின் மூக்கு மேலே எழுந்து, அப்புறம் தட்டையாகித் தண்ணீர்மேல் வழுக்கியது. அவள் முகத்தில் நான் ஒரு பள்ளிக்கூடப் பெண்ணைப் பார்த்தேன் என்று சொன்னால் அது மிகையாக இருக்கும். நான் பார்த்தது வேலையில் இருக்கும் ஒரு ஓட்டுநரின் முகம். கண்கள் சுருங்கி, உதடு இறுகி, வேறெதுவும் ஞாபகத்தில் இல்லாத முகம்.

டயர்களுக்காகப் புரூகா தானாகவே விலையைக் குறைத்தார். லைஃப் ஜாக்கெட்டுகளையும் நங்கூரத்தையும் சும்மாவே கொடுத்தார். படகை என் வண்டிக்குப் பின்னால் மாட்டிக் கிளம்பும்போது, நல்லதாக மிஞ்சிய கண்ணும் தெரியாதவர்போலத் தெருவைப் பார்க்காமல் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த மே மாதமும் ஜூன் மாதமும் லவோனுடையவை. மெர்லின் ஷிஃப்ட் முடிந்ததும் என் வண்டியில் படகை இழுத்துக்கொண்டு பெல் ஏரிக்குக் கிளம்பிவிடுவார்கள். முதல் நாள் மெர்ல் ஒரு லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் இன்னொன்றும் போட்டுக்கொண்டு ஏறினான். இரண்டு கையாலும் இருக்கையைப் பிடித்தபடி அவன் உட்கார்ந்திருந்த கோலத்தைக் கரையிலிருந்த ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

"மெர்ல், கண்ணத் தொற. வாத்து உன்னப் பாத்துச் சிரிக்குது" என்று லவோன் கத்தியது கரைவரை கேட்டது.

மெல்ல மெல்ல அவன் கண்ணைத் திறந்தான். ஜூன் நடுவில் ஒரு ஜாக்கெட்டோடு போனான். ஒரு வெள்ளிக்கிழமை, வழக்கம்போல் ஊரே குடும்பத்தோடு சாராயக்கடையில் வறுத்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, ஏரியிலுள்ள தீவுக்குப் பின்னால் கழுகுக் கூடு ஒன்று இருப்பதை அவன்தான் எல்லோருக்கும் சொன்னான். அங்கே பாறை இருக்கிறது, இடது பக்கமாக ஒதுங்கிப் போகவேண்டும் என்று கையை ஆட்டி விளக்கினான். அவன் ஏரியைப் பற்றிப் பேசி நாங்கள் அதுவரை கேட்டதில்லை. லவோன் தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டபடி இருந்தாள். அந்த நேரத்தில் முட்கரண்டியைப் பிடிக்க அவளுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஜூலையில் வலது கை போயிற்று. வேகக் கைப்பிடியைத் தள்ள முடியவில்லை. அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொள்ள, மெர்ல் கைப்பிடியைத் தள்ளினான். "இன்னும்" என்பாள். தள்ளுவான். "இன்னும்டா." தள்ளுவான். பிறகு இடது கையும் தளர்ந்தது. மெர்ல் ஸ்டீயரிங்குக்கு வந்தான், அவளைப் பக்கத்து இருக்கையில் வாரால் கட்டி உட்கார வைத்தோம், அங்கிருந்து வழி சொன்னாள். பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. மெர்லுக்கு மட்டும் எல்லாம் புரிந்தது.

ஏற்றுவதுதான் கடினம். அந்தப் படகுக்குக் கதவு கிடையாது. சக்கர நாற்காலியைத் துறையின் ஓரம்வரை தள்ளிக்கொண்டு போய், மெர்ல் படகுக்குள் நின்று அக்குளைப் பிடித்துத் தூக்குவான், நான் காலைப் பிடித்துக்கொள்வேன். படகு ஆடும். அலுமினிய விளிம்பு இடிக்கும். "வலிக்குதா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டான். தலையை ஆட்டி இல்லை என்பாள்.

ஆகஸ்டில் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டிவிடும் நர்ஸ் ரெனாட்டா, மெர்லைத் தனியாகக் கூப்பிட்டாள். லவோனின் அக்குளிலிருந்து முழங்கைவரை, இடுப்பின் இரண்டு பக்கமும், முழங்கால் பின்னாலும் கறுத்துப்போன ரத்தக்கட்டுகள். சில பழையவை, மஞ்சளாக மாறியவை. சில அன்றைக்கு முந்தின நாள் வந்தவை. குனிந்து பார்த்த மெர்லுக்கு அவை தன் கைவிரல்களின் அகலத்தில் இருப்பது தெரிந்தது.

அவர்கள் சண்டை போட்டு நாங்கள் கேட்டதே இல்லை. அன்று ஜன்னல் திறந்திருந்தது. மெர்லின் குரல் மட்டும்தான் முழுசாகக் கேட்டது.

"ஏன் சொல்லல? ஒவ்வொரு தடவையும் கேட்டேனே, ஏன் சொல்லல?"

அவள் ஏதோ குழறினாள்.

"எனக்குத் தெரியாது லவோன். நான் உன்ன அடிச்ச மாதிரி இருக்கு. பாரு இத. என் கை இது. என் கை."

மறுபடியும் அவள். இந்தத் தடவை நீளமாக, மூச்சு வாங்கி வாங்கி. அது என்ன என்று மெர்ல் பிறகு சொன்னான். "இந்தக் கைய வச்சு இனிமே நான் என்ன செய்யப் போறேன்? கறுத்தா கறுத்துட்டுப் போகட்டும்" என்றாளாம்.

"முடியாது. இனிமே நான் உன்னத் தூக்க மாட்டேன்."

மறுநாள் படகுமேல் தார்ப்பாய் ஏறியது. லவோனின் நாற்காலி நாள் முழுக்கச் சமையலறை ஜன்னலோரத்தில், முற்றத்தைப் பார்த்தபடி இருந்தது. என் மனைவி கேக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனால், லவோன் சிரிப்பாள். மெர்ல் உள்ளே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அந்த உடம்பில் திருப்ப மிஞ்சியிருந்தது முகம் ஒன்றுதான்.

பத்துப் பதினைந்து நாள் அப்படிப் போயிற்று. ஒரு காலை மெர்ல் வந்து, "வண்டி வேணும் ஹார்லன். கேள்வி கேக்காத" என்றான். படகை மாட்டினோம். ஜன்னலில் லவோன் இல்லை, ரெனாட்டா குளிப்பாட்டும் நேரம் பார்த்துத்தான் வந்திருந்தான். நெடுஞ்சாலைக் கடைக்குப் போகச் சொன்னான். அந்தப் பழைய பாண்டூன் இன்னும் விற்காமல் நின்றது. பச்சைப் படகையும் பனிமேல் ஓட்டும் தன் ஸ்னோமொபைல் வண்டியையும் கொடுத்து அதை மாற்றிக்கொள்ளப் பேசி முடித்திருந்தான்.

"அவகிட்ட சொன்னியா?" என்றேன், கேள்வி கேட்கக் கூடாது என்பதை மறந்து.

"சொன்னா ஒத்துக்குவாளா?" என்றான். "நாற்காலியோட அப்படியே உள்ள தள்ளிடலாம். யாரும் அவளத் தொடவே வேணாம். திரும்பத் தண்ணில இருப்பா. அது போதும் எனக்கு."

பச்சைப் படகை டிரெய்லரோடு அங்கே கழற்றிவிட்டோம். மெர்ல் அதன் ஸ்டீயரிங்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். என்னவோ சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். "தாகமா இருக்கு" என்றான்.

பாண்டூனை முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது லவோன் ஜன்னலில் இருந்தாள். மெர்ல் கதவைத் திறந்து காட்டினான். கடைக்காரர் செய்வதுபோல், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக் காட்டினான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை. நெடுநேரம் கழித்துக் கண்களை மூடிக்கொண்டாள். மெர்ல் திறந்த கதவோடு அங்கேயே நின்றான்.

செப்டம்பர் முதல் வாரத்தில், காற்றில்லாத ஒரு பிற்பகலில், அவளை அழைத்துப் போனோம். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாற்காலி ஒரு தடங்கலும் இல்லாமல் உள்ளே உருண்டது. என் மனைவி கம்பளி போர்த்திவிட்டாள். மெர்ல் ஏரி நடுவே மெதுவாக ஓட்டினான். மேப்பிள் மரங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்பு தெரிந்தது. எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது. ஒரு தேநீர் விருந்துக்கு வந்தவர்கள்போல நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

தீவைத் தாண்டியதும் லவோன் ஏதோ சொன்னாள். மெர்ல் குனிந்து கேட்டான். பிறகு கைப்பிடியை முழுக்கத் தள்ளினான். எஞ்சின் இரைந்தது. குழாய்கள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, கொஞ்சம் கூடுதல் வேகத்தில் நகர்ந்தன. அந்தப் படகால் அவ்வளவுதான் முடியும். லவோனின் தலைமுடிகூட அசையவில்லை. மெர்ல் கைப்பிடியை இன்னும் தள்ளிக்கொண்டே இருந்தான், அது ஏற்கனவே முட்டி நின்றுவிட்டது என்று தெரிந்தும்.

அப்போது அவள் மறுபடியும் ஏதோ சொன்னாள். மெர்ல் காதை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான். நிமிர்ந்தபோது அவன் முகம் நனைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்னப்பா சொல்றா?" என்றாள் என் மனைவி.

"நம்ம சோஃபாவையும் கொண்டு வந்திருக்கலாமாம்."

அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒரே கையால் ஓட்டிக் கரை சேர்த்தான். அதற்குப் பிறகு அவனைப் பார்த்து அவள் முகத்தைத் திருப்பவில்லை. அக்டோபரில் மூச்சு குறையத் தொடங்கியது. ஏரியின் ஓரங்களில் மெல்லிய பனிக்கட்டி படர்ந்த நவம்பரில், ஒரு காலை நேரத்தில், மெர்ல் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது லவோன் இறந்துபோனாள். அடக்கத்துக்குப் பள்ளிப் பேருந்துகள் எல்லாம் வந்து வரிசையாக நின்றன. தேவாலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் கொடுத்தார்கள். வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட பிள்ளைகள் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை.

மறுநாளே மெர்ல் நெடுஞ்சாலைக் கடைக்குப் போனான். பச்சைப் படகு அக்டோபரிலேயே விற்றுப்போய்விட்டதாம். வாங்கியது யார் என்று சொல்ல முடியாது என்றார்கள். அவன் வற்புறுத்தவில்லை. குளிர்காலம் முழுக்க, எங்கள் வீட்டுக்கு வந்து உட்காரும்போதெல்லாம், ஏதாவது பேச்சுக்கு நடுவே நிறுத்திவிட்டு, "தூக்கறதுக்கு ஒரு பட்டை மாதிரி துணி இருக்காம். ஆஸ்பத்திரில வச்சிருக்காங்க. ரெனாட்டா அப்புறமாத்தான் சொன்னா. அது இருந்திருந்தா ரத்தம் கட்டியிருக்காது" என்பான். கடைசியில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, கோபமில்லை என்பேன். "அவ சிரிப்பா. அவ எதுக்கு வேணா சிரிப்பா" என்பான். வசந்தத்தில் பாண்டூனை விற்றான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் படகை இறக்க மெர்லும் கூட வந்திருந்தான். படகுகளை ஏரிக்குள் இறக்கும் சரிவில் எங்களுக்கு முன்னால் ஒரு இளம் தம்பதி நின்றிருந்தார்கள். தண்ணீரில் அந்தப் பச்சைப் படகு. மூக்கு நசுங்கலை நிமிர்த்தி வர்ணம் பூசியிருந்தார்கள், ஆனாலும் தெரிந்தது. பையன் சாவியைத் திருகித் திருகிப் பார்க்கிறான், எஞ்சின் கிளம்பவில்லை. பின்னால் காத்திருந்தவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள்.

மெர்ல் என் வண்டியிலிருந்து இறங்கினான். ஷூவோடு, பேன்ட்டோடு, இடுப்பளவு தண்ணீருக்குள் நடந்து போய்ப் படகின் பின்பக்கம் நின்றான்.

"அந்தப் பெட்ரோல் குழாய்ல இருக்கற ரப்பர் பந்த அமுக்கு தம்பி. இன்னும். கல்லு மாதிரி ஆகற வரைக்கும் அமுக்கணும். ஆங். இப்ப சாவிய உள்ள அழுத்திக்கிட்டே திருப்பு."

எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"இந்தப் படகப் பத்தித் தெரியுமா சார்?" என்றாள் அந்தப் பெண்.

"என் வீட்டுக்காரியோடது."

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு இருக்கையிலிருந்த பையை எடுத்து ஒதுக்கி வைத்து, "ஏறிக்கங்களேன். ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்" என்றாள்.

மெர்ல் காலியான அந்த இருக்கையைப் பார்த்தான். லவோனைக் கட்டி உட்கார வைத்த இருக்கை. 

"இல்லம்மா. எனக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு. நீங்க போயிட்டு வாங்க" என்றான்.

அன்றைக்கு அவனுக்கு ஷிஃப்ட் எதுவும் இல்லை. படகைக் கையால் தள்ளிவிட்டான். பையன் தயங்கித் தயங்கி வேகமெடுத்து, கடைசியில் முழுக்கத் தள்ளினான். பெண்ணின் முடி பின்னால் பறந்தது. அவர்கள் தீவின் பின்னால் மறையும்வரை மெர்ல் தண்ணீரிலேயே நின்றான். பிறகு வந்து, சொட்டச் சொட்ட என் வண்டியில் ஏறி உட்கார்ந்தான்.

"தீவுக்கு அந்தப் பக்கம் பாறை இருக்குன்னு சொல்லாம விட்டுட்டேன்" என்றான்.

நாங்கள் என் படகை இறக்கவில்லை. அவர்கள் திரும்பி வரும்வரை சரிவின் ஓரத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு இருந்தோம்.